பதினேழாவது கட்டுரை

அத்தியாயம் 11

மனைவியின் பச்சைக் கோப்பில் கிடைத்த கடிதத்தை லூபென் ஐந்து நாட்களாகச் சட்டையின் உள்பையிலேயே வைத்திருந்தார். சட்டை மாறும்போது கடிதமும் இடம் மாறியது. வேறு எதுவும் மாறவில்லை. எழுந்தார், குளித்தார், காபி போட்டார். ஒரு கோப்பை மட்டும் போட்டார். ஆறு மாதமாக ஒரு கோப்பைதான். கை அளவைப் பழகிக்கொண்டுவிட்டது.

இன்று மனைவி இஸ்க்ரா இறந்து ஆறு மாதம்.

அவள் படம் அச்சிட்ட அஞ்சலித் தாளை முந்தின நாளே ஒட்டியாகிவிட்டது. வீட்டு வாசற்கதவில் ஒன்று, பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, அவள் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்த கால்நடை இனப்பெருக்க ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவில் ஒன்று. நாற்பதாம் நாள் தாளின் மேலேயே புதிய தாளை ஒட்டினார். ஓரம் சரியாகப் பொருந்தியது.

ஒன்பது மணிக்கு மகள் நேதா வந்தாள். கையில், நினைவு நாளுக்காக வேகவைத்த கோதுமைப் பாத்திரம். மேலே சர்க்கரைத் தூள், அதன்மேல் வால்நட் பருப்பால் ஒரு சிலுவை. சிலுவை கொஞ்சம் கோணலாக இருந்தது.

"அப்பா, பட்டியலப் பாத்துட்டீங்களா? நாலு மணிக்குள்ள வேணுமாம். செயலாளர் அம்மா ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க."

ஆய்வகம் இஸ்க்ராவுக்காக ஒரு சிறு நினைவு நூல் போடுகிறது. அதன் கடைசிப் பக்கங்களில் அவள் எழுதிய கட்டுரைகளின் பட்டியல். நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

"பாத்துட்டேன்."

"எண்பத்து மூணுதானே?"

"எண்பத்து மூணு."

"தப்பு ஏதாவது?"

"ரெண்டு எடத்துல காற்புள்ளி விட்டுப்போயிருக்கு."

அது உண்மைதான். ஆனால் பதினேழாவது கட்டுரையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நேதா காலணிகளைத் துடைக்கத் துணி தேடிப் போனாள். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பதினேழாவது கட்டுரைதான் இஸ்க்ராவுக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஒரு ஜெர்மன் இதழில் வந்தது. செம்மறிக் கடாவின் விந்தணு முட்டையை நெருங்கும்போது அதன் வால் வேகமெடுத்து அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் செல்லுக்குள் ஒரு செய்தி போகும். கால்சியம் உள்ளே நுழையும், ஒரு புரதம் இன்னொன்றைத் தட்டி எழுப்பும், அது வாலுக்குச் சொல்லும். ஒரு குறிப்பிட்ட மருந்தைக் கலந்தால் அந்தச் செய்தி நடுவழியில் அறுந்து, வால் நின்றுவிடுகிறது என்று இஸ்க்ரா காட்டினாள். செய்தி போகும் வழி இதுதான் என்று அதற்குப் பிறகு இருநூற்றுச் சொச்சம் பேர் அவளை மேற்கோள் காட்டி எழுதினார்கள். நேதாவும் அதன்மேல்தான் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கட்டியிருக்கிறாள். இன்னும் பதினாறு நாளில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு.

லூபெனின் பையில் இருந்த கடிதம், அந்தக் கட்டுரை தவறு என்றது.

இஸ்க்ராவே அந்த இதழின் ஆசிரியருக்கு எழுதி வைத்து, அனுப்பாமல் விட்டது. 2016 மார்ச் மூன்று. கீழே இரண்டு கையெழுத்துக் கோடுகள். ஒன்றில் இஸ்க்ராவின் கையெழுத்து. மற்றது காலி. அதன் அடியில் தட்டச்சில் இருந்த பெயர், வெல்கா. லூபெனின் அக்கா.

வெல்கா விஞ்ஞானி இல்லை. இஸ்க்ராவின் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவர். அவர் பெயரையும் சேர்த்துத்தான் போடுவேன் என்று அன்றைக்கு இயக்குநரிடம் சண்டை பிடித்தவள் இஸ்க்ரா. வெல்காவின் வாழ்நாளில் அவர் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு முறைதான்.

கடிதத்தை அனுப்பினால் அக்காவின் ஒரே கட்டுரை போய்விடும், மகளின் ஆய்வேடும் சரியும். அனுப்பாவிட்டால், தவறு என்று தெரிந்த ஒன்றை இஸ்க்ரா தன் பெயரில் விட்டுப் போனதாக ஆகும். ஐந்து நாட்களாக லூபென் இதை யோசித்தார் என்று சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். துக்கம் வரும், கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். இரண்டும் வரவில்லை.

செய்த ஒரே காரியம், சமையலறை அலமாரிக்குப் பின்னாலிருந்து பழைய நாட்காட்டியை எடுத்தது.

*

கல்லறைத் தோட்டத்தில் வெல்கா அவர்களுக்கு முன்பே வந்து, கல்லின் மேல் விழுந்திருந்த இலைகளைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. தலையில் கறுப்புத் துணி, காலில் ஊதா நிற விளையாட்டுக் காலணி.

"ஏன்டா லூபென், தாள்ல அந்தப் போட்டோவையா போட்ட? தடுப்பூசிக்கு வரிசையில நிக்கிறவ மாதிரி இருக்கா."

"அவ பாஸ்போர்ட் படம் அக்கா. அதுதான் தெளிவா இருந்துச்சு."

"தெளிவு எதுக்குடா? சிரிச்ச மூஞ்சி ஒண்ணு கூடவா இல்ல உங்க வீட்டுல?"

"அத்தை, இருக்குற படத்துல எல்லாம் அம்மா மைக்ரோஸ்கோப்பத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள் நேதா. "உச்சந்தலைதான் தெரியுது."

"அதையே போட்டிருக்கலாம். ஆய்வகத்துல எல்லாருக்கும் அந்தத் தலைதான் அடையாளம்."

நேதா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஆறு கார்னேஷன் பூக்களைக் கல்லின் மேல் வைத்தாள். லூபென் சிவப்பு ஒயினைக் கல்லைச் சுற்றி ஊற்றினார். காய்ந்த மண் உடனே குடித்துவிட்டது. வெல்கா மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துப் பற்றவைத்தார். மூன்று தீக்குச்சிகள் ஆயின.

நேதா கோதுமையைச் சிறு காகிதக் கோப்பைகளில் அள்ளி, பக்கத்துக் கல்லறைகளுக்கு வந்திருந்தவர்களுக்கும் கொடுத்தாள். வாங்கியவர்கள் ஒவ்வொருவரும், இறந்தவருக்காகச் சொல்லும் வழக்கப்படி, "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார்கள். லூபென் தலையசைத்தார். எதை மன்னிப்பது என்று இதுவரை அவர் கேட்டுக்கொண்டதில்லை. இன்று பையில் அந்தக் காகிதம் இருந்ததால் ஒவ்வொரு முறையும் காதில் விழுந்தது.

"ஏன்டா மரம் மாதிரி நிக்கிற?" என்றார் வெல்கா. "வா, வீட்டுக்குப் போவோம். பனித்சா சுட்டு வச்சிருக்கேன். ஆறிப்போச்சுன்னா அந்தப் பாலாடைக்கட்டி ரப்பராயிடும்."

*

வெல்காவின் வீடு நாலாவது மாடி. வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கும் அதன்மேல் விரித்த பின்னல் துணிக்கும் நேர் மேலே, கண்ணாடிச் சட்டத்தில் பதினேழாவது கட்டுரையின் முதல் பக்கம் தொங்கியது. வெல்காவின் பெயருக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். இறந்துபோன அவர் கணவர் விளையாட்டாகப் போட்டது. இந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லாரும் வெல்காவை இன்னும் "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள், பாதி கேலியாக.

பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட பனித்சாத் துண்டுகளோடு தட்டுகள் வந்தன. லூபென் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு பேரும் இதப் படிங்க."

வெல்கா எட்டிப் பார்த்தார். படிக்கவில்லை. பார்த்தவுடனே தெரிந்துகொண்ட முகம்.

நேதா எடுத்துப் படித்தாள். முதல் முறை வேகமாக, இரண்டாம் முறை மெதுவாக. அவள் அம்மாவைப் போலவே படிக்கும்போது கீழுதட்டைக் கடித்தாள். இரண்டே பத்திதான். பழைய சோதனையை நிலையான சூட்டில் பதினொரு முறை திரும்பச் செய்தேன், ஒரு முறைகூட வால் நிற்கவில்லை என்றது முதல் பத்தி. அந்தக் குளிர்காலத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வந்தது, மைக்ரோஸ்கோப்பின் சூட்டுத்தட்டு ஆறிப்போயிருக்க வேண்டும், எந்த நேரம் மின்சாரம் இல்லை என்பதற்கு இன்று என்னிடம் ஆதாரம் இல்லை என்றது அடுத்தது.

"ஆறிப்போனா வால் நின்னுடும்" என்றாள் நேதா. யாரிடமும் இல்லை. "மருந்து தேவையே இல்ல. குளிரே போதும்."

"ஆதாரம் இருக்கு" என்றார் லூபென்.

தோள்பையிலிருந்து நாட்காட்டியை எடுத்தார். 1991. ஒவ்வொரு மாதத் தாளின் பின்பக்கத்திலும் இஸ்க்ரா குழந்தை நேதாவின் எடையை வாராவாரம் எழுதியிருந்தாள். அதற்காகத்தான் இத்தனை வருடம் தூக்கிப் போடவில்லை. முன்பக்கத்தில், ஒவ்வொரு தேதியின் கீழும், பென்சிலால் லூபெனின் எழுத்து. அப்போது அச்சகத்தில் அவருக்கு இரவு வேலை. பகலில் குழந்தை அவரிடம். இரண்டு மணி நேரம் மின்சாரம், ஒரு மணி நேரம் இல்லை. வீட்டிலும் ஆய்வகத்திலும் ஒரே நேரத்தில்தான் போகும். பால் சுட வைக்கும் நேரம் தப்பக் கூடாதே என்று தினமும் குறித்து வைத்தார்.

"அம்மாவோட ஆய்வுக் குறிப்பேடும் கொண்டுவந்திருக்கேன். கட்டுரைக்கு எடுத்தது ஒன்பது நாள் கணக்கு. நீயே பாரு."

நேதா தட்டைத் தள்ளி வைத்தாள். குறிப்பேட்டை ஒரு பக்கம், நாட்காட்டியை ஒரு பக்கம் வைத்து, வெண்ணெய்க் கத்தியை அடிக்கோலாக வைத்துப் பார்த்தாள்.

"ஜனவரி இருபத்தொண்ணு. பதினொண்ணு அஞ்சுக்கு மருந்து இல்லாத துளி. பதினொண்ணு நாப்பதுக்கு மருந்துத் துளி. கரண்டு..."

"பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இல்ல."

"இருபத்தி ரெண்டு..."

அவள் ஒன்பது நாளையும் பார்த்தாள். மின்சாரம் இருக்கும் இரண்டு மணி நேரம் கலவை சூட்டில் இருக்கும். அது போனதும், சன்னலோரம் வைத்த பழைய மைக்ரோஸ்கோப்பில், கண்ணாடியைத் திருப்பிப் பகல் வெளிச்சத்தில் எண்ணுவார்கள். எப்போதும் மருந்தில்லாத துளி முதலில். மருந்துத் துளி பின்னால். அரைமணி நேரத்தில் தட்டு ஆறியிருக்கும்.

"ஒன்பதுக்கு ஒன்பது" என்றாள் நேதா. கத்தியைக் கீழே வைத்தாள். "வரிசைய மாத்தி ஒரே ஒரு நாள் எண்ணியிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

கீழே தெருவில் யாரோ காரைக் கிளப்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இதுல உன் கையெழுத்து வேணும்" என்றார் லூபென். "இன்னைக்கு அந்தக் கட்டுரைக்கு உயிரோட இருக்குற ஆள் நீ ஒருத்திதான்."

வெல்கா எழுந்து சட்டத்தை நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"அவ வந்தா" என்றார். முதுகைக் காட்டிக்கொண்டே. "ஆறு வருஷம் முன்னால. இதே நாற்காலியில உக்காந்தா. அண்ணி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கன்னா. நான் போடல. ஒத்த வார்த்த பேசல. காபியக் குடி, ஆறுதுன்னேன். குடிச்சா. போயிட்டா. மறுபடி கேக்கவே இல்ல."

"ஏன் அத்தை?"

"ஏன்னா? இத எடுத்துட்டா இந்தச் சுவத்துல என்ன இருக்கு? ஆணிதான் இருக்கும்."

லூபென் கடிதத்தை மேசையின் நடுவுக்கு நகர்த்தினார்.

வெல்கா திரும்பினார். "அதுல என்ன எழுதியிருக்கா? நான் படிச்சதே இல்ல. கண்ணாடி இல்லன்னு அன்னைக்குப் பொய் சொன்னேன். நீ படி. சத்தமா."

நேதா படித்தாள். இரண்டாம் பத்தியின் கடைசி வரிகள் இப்படி இருந்தன: "எங்கள் வெப்பமானி டிசம்பரில் உடைந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் வேறு கிடைக்கவில்லை. தட்டின் சூட்டை நான் என் உள்ளங்கையால் மட்டுமே சோதித்தேன். இந்தத் தவறுக்கு நானே பொறுப்பு."

"திரும்பப் படி."

"தட்டின் சூட்டை நான் என் உள்ளங்கையால்..."

"பொய்" என்றார் வெல்கா.

லூபென் நிமிர்ந்தார்.

"அவ எங்கடா கைய வச்சா? அவ ஒரு கண்ண மூடிக்கிட்டு எண்ணிக்கிட்டு இருப்பா. கை ரெண்டும் திருகுலதான். 'அண்ணி, சூடு இருக்கா?'ம்பா. கைய வச்சுப் பாத்தவ நான். இருக்குன்னு சொன்னவ நான். ஒன்பது நாளும்." வெல்கா தன் வலது உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தார். "அந்த அறையில பத்து டிகிரி கூட இருக்காது. கோட்டு போட்டுக்கிட்டுதான் வேல. கை ஐஸ் கட்டியா இருக்கும். அந்தக் கைக்கு எது பட்டாலும் சூடுதானே?"

நேதா மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, அது யாருக்கும் தோணியிருக்காது."

"எனக்குத் தோணிச்சு. ரொம்ப நாள் கழிச்சு. ஒரு நாள் குளிர்ல வெளிய போயிட்டு வந்து குழாய்த் தண்ணியத் தொட்டேன். பச்சத் தண்ணி. வெதுவெதுன்னு இருந்துச்சு. அப்படியே நின்னுட்டேன். ஆனா அவகிட்டச் சொல்லல. மந்திரி செத்துப் பத்து வருஷமாச்சு, இப்ப போய் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"மந்திரியா?"

"கடாம்மா. அந்த ஒன்பது நாளும் ஒரே கடாதான். வேளாண்மை மந்திரி ஜாடை. 'மந்திரி இன்னைக்கு ஒத்துழைக்க மாட்டேங்கிறாரு'ன்னு உங்கம்மா கத்துவா, தாழ்வாரத்துல எல்லாரும் நடுங்குவாங்க." வெல்காவின் வாய் சிரிப்பதற்கு ஆயத்தமாகி, வேறெங்கோ போனது. துணியின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்த வரிய மாத்துடா. நீதான் பிழை திருத்துறவனாச்சே. என் கைன்னு போடு. அப்பதான் கையெழுத்துப் போடுவேன்."

"மாத்த முடியாது அக்கா."

"ஏன் முடியாது?"

"கையெழுத்துப் போட்டவ இல்ல. எழுதினவங்க சம்மதம் இல்லாம ஒரு எழுத்து மாத்தினதில்ல நான். நாப்பது வருஷத்துல."

"பெரிய சட்டம் பேசுறான். உன் பொண்டாட்டி எனக்காகப் பொய் எழுதிட்டுப் போயிருக்கா, அதுல ஒரு எழுத்து நகராதாம்."

லூபென் பேனாவின் மூடியைக் கழற்றினார். அக்காவின் பக்கம் நீட்டினார். "அவ எழுதினது அப்படியே இருக்கட்டும். உன் கோட்டுக்கு மேல எடம் இருக்கு. அது உன்னோடது. நீ என்ன வேணாலும் எழுதிக்கலாம்."

வெல்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இருந்ததுதான். உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளையைப் போல ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்:

"கை என்னுடையது. சூடு இருக்கிறது என்று சொன்னவள் நான்."

கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பனித்சாத் தட்டை லூபெனின் பக்கம் தள்ளினார். "தின்னு. எலும்பா இருக்க."

சட்டத்தை அவர் கழற்றவில்லை. லூபெனும் கேட்கவில்லை.

மணி மூன்று இருபது. நேதா கடிதத்தையும், நாட்காட்டியின் இரண்டு மாதத் தாள்களையும், குறிப்பேட்டின் ஒன்பது பக்கங்களையும் சன்னலோரம் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்தாள். அந்த ஜெர்மன் இதழின் முகவரியைத் தேடினாள். லூபென் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு தடவை நின்றது. பிறகு அழுத்தியது.

"போயிடுச்சு" என்றாள்.

அடுத்து ஆய்வகத்துக்குப் போன் செய்தாள். "ஆமா, பட்டியல் சரி. எண்பத்து மூணுதான். பதினேழ எடுக்க வேணாம், இருக்கட்டும். அதுக்குக் கீழ ஒரு வரி சேருங்க. 'இதன் முடிவு தவறு. திருத்தக் கடிதத்தைக் கட்டுரையாளரே எழுதியுள்ளார்.' ஆமா. நிச்சயமாத்தான் சொல்றேன். இல்ல, அழல, சளி."

போனை வைத்தாள். அழவும் இல்லை, சளியும் இல்லை.

"உன் தேர்வு?" என்று லூபென் கேட்டார். ஐந்து நாட்களாகக் கேட்க வேண்டியிருந்த கேள்வி. கேட்டதும் அது மிகச் சிறியதாக இருந்தது.

"தள்ளி வைக்கச் சொல்லணும். முதல் பாகம் முழுசும் போச்சுப்பா. நாலு வருஷம்." நேதா தன் பையைத் திறந்து, தேர்வுக்காகக் கட்டி வைத்திருந்த ஆய்வேட்டை எடுத்தாள். பின்னிணைப்பைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, அந்தக் கடிதத்துல தேதி என்ன?"

"2016 மார்ச் மூணு."

"இதப் பாருங்க."

ஆய்வுத் தலைப்புக்கு ஒப்புதல் கேட்ட படிவம். அந்த மருந்தின் பெயர், அந்தச் செய்தி போகும் வழி, பதினேழாவது கட்டுரையின் எண், எல்லாம் அதில் இருந்தன. தலைப்பை முன்மொழிந்தவர் என்ற இடத்தில் இஸ்க்ராவின் கையெழுத்து. 2018 அக்டோபர் பதினொன்று.

"தலைப்ப நான் எடுக்கலப்பா. வேற ஒண்ணு எழுதிக்கிட்டுப் போனேன். வேணாம், இதப் பண்ணுன்னு அம்மாதான் சொன்னாங்க." நேதாவின் குரல் உயரவே இல்லை. "தப்புன்னு தெரிஞ்சு ரெண்டரை வருஷம் கழிச்சு, அதையே எடுத்து என் கையில குடுத்திருக்காங்க. ஏன்?"

வெல்கா எதையோ எடுக்கப் போவதுபோல் சமையலறைக்குப் போனார். அங்கே எதுவும் எடுக்கும் சத்தம் கேட்கவில்லை.

லூபென் படிவத்தையும் கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையெழுத்துகளையும் பார்த்தார். ஒரே கைதான். தேதியில் அச்சுப்பிழை இருக்கும் என்று, வேலையில் பார்ப்பதுபோல, ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்து இரண்டு முறை பார்த்தார்.

பிழை இல்லை.